வெறிச்சுன்னு இருக்கா?

இந்தக் காகிதம் யார் கையில் கிடைத்தாலும் சரி, தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். என் அம்மாவிடம் வேண்டவே வேண்டாம். விடிந்ததும் நானே கிழித்துவிடத்தான் போகிறேன். அதற்குள் எடுத்துவிட்டீர்கள் என்றால், போன மாதம் இறந்துபோன என் அக்காவுக்கு எழுதியது என்று மட்டும் தெரிந்துகொண்டு மடித்து வைத்துவிடுங்கள்.

அக்கா, உன் போன் என் மடியில் இருக்கிறது. உறையில் இன்னும் கருவாட்டு வாசம் போகவில்லை. கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரையில் ஒரு அக்கா கருவாடு காயப்போட்டிருந்த பாயின் ஓரத்திலேயே போனை வைத்துப் பேட்டியைப் பதிவு செய்தாயே, அன்றைக்கு ஒட்டிய வாசம். ஷாம்பு போட்டுக் கழுவினாய், மொட்டை மாடி வெயிலில் வைத்தாய். போகவில்லை. "கெடக்கட்டும்டி, ஆராய்ச்சிக்கும் ஒரு வாசம் வேணும்ல" என்று அப்படியே மாட்டிக்கொண்டாய். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளித்தால், என் பக்கம் கண்ணைக் காட்டிவிடுவாய். இப்போது அதை மூக்கருகே வைத்தால் நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. எடுத்தால் இல்லை. வைக்கிறேன், எடுக்கிறேன்.

காலையில் அப்பா இந்தப் போனைக் கடைத்தெருவுக்கு எடுத்துப்போய்ப் பூட்டைத் திறக்கப்போகிறார். உள்ளே நீ பேட்டி எடுத்த பெண்கள் எல்லாரும் இருக்கிறார்கள். நம் சித்தியும் இருக்கிறாள். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். பூட்டைத் திறக்கத் திரையில் விரலால் போடும் கோலம் எனக்குத் தெரியும் என்பது வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அழித்தால் உன் குரலும் போய்விடும். உன் குரல் வேறு எங்கும் இல்லை. நீ வாய்ஸ் மெசேஜ் அனுப்ப மாட்டாய், எல்லாவற்றையும் டைப் செய்வாய். கல்யாண வீடியோக்களில் சிரிக்கிறாய், பேசவில்லை. ஊரார் குரலையெல்லாம் பதிந்து வைத்தவள், உன் குரலை அவர்களுக்கு நடுவில் மட்டும்தான் விட்டுப் போயிருக்கிறாய். அதனால்தான் அழிக்காமல், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, பிசிக்ஸ் டெஸ்ட் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புருஷன் வெளிநாட்டில் வேலை பார்க்கும் பெண்களின் தனிமையைப் பற்றி ஆய்வு செய்யப்போகிறேன் என்று நீ வந்து சொன்னபோது அப்பா என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "நம்மூர்ல அதுக்கு ஆள் தேடவா வேணும்? வாசல்ல நின்னு ஒரு கூப்பாடு போட்டாப் போதும்." பாண்டியில் உன்னோடு சைக்காலஜி படித்தவர்கள் எல்லாரும் கல்லூரி மாணவர்களிடமே கேள்வித்தாளைக் கொடுத்து வேலையை முடித்துவிட்டார்கள். நீ மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறி ஊருக்கு வந்தாய்.

கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன. நீ தமிழில் மாற்றினாய். மூலத்தைக் காட்டாமல், தமிழை என்னிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதச் சொன்னாய். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் மொழிபெயர்ப்பு சரி என்று அர்த்தமாம். எல்லாம் ஒத்துப்போயின, ஒன்றைத் தவிர. 'கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை தனிமையாக உணர்ந்தீர்கள்?' என்பதில் மூலத்தில் 'லோன்லி' இருந்திருக்கிறது. நான் 'அலோன்' என்று எழுதியிருந்தேன். "இதுக்குத்தான் இங்கிலீஷ்ல அந்த மார்க்கு வாங்குறியா?" என்று தலையில் தட்டினாய். கோளாறு என் இங்கிலீஷில் இல்லை என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

கோட்டுச்சேரிமேட்டில் அந்தக் கருவாட்டு அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்டாய். அவர் வீட்டுக்காரர் வளைகுடாவில் யாரோ ஒருவருடைய படகில் மீன் பிடிக்கிறார். அந்த அக்கா கேள்வியைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் பாயில் உட்கார்ந்திருந்த காக்கா பறந்துபோயிற்று.

"தனியாவா? எங்கேம்மா தனியா விடுறாங்க! கக்கூஸுக்குள்ள போயித் தாப்பா போட்டாக்கூட சின்னது கதவ ஒடைக்குது. போடு, ஒருபோதும் இல்ல."

எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். வீட்டில் மாமியார், கொழுந்தன், பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். தனியாக எங்கே இருக்கிறார்கள்? கேள்வித்தாள் முழுக்க 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில்தான் டிக். வீட்டுக்கு வந்து தாள்களைக் கட்டிலில் பரப்பிப் பார்த்துவிட்டு, "எங்க மேடம்கிட்ட என்னன்னு சொல்லுவேன்? காரைக்கால் மாதிரி சந்தோஷமான ஊரு ஒலகத்துலயே கெடையாதுன்னா?" என்று சொல்லி அந்தத் தாள்களின் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டாய்.

அதைவிடச் சித்தப்பா. அந்த வாரம் குவைத்திலிருந்து வீடியோவில் வந்தவரிடம், "சித்தப்பா, ஒங்களுக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பட்டுமா?" என்று வம்புக்கு இழுத்தாய். "எனக்கு எதுக்கு? இங்க கட்டிலுக்கு மேல கட்டிலு. நாலு பேரு கொறட்டைக்கு நடுவுல எனக்குத் தனிமை ஒண்ணுதான் கொறச்சல்" என்றார். சித்தி ஓரமாக நின்று சிரித்தாள்.

மறுநாள் ஞாயிறு. பாண்டி பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட நானும் வந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் வருவதுதான். நீ படியில் கால் வைத்துவிட்டாய். நான் சும்மாதான் சொன்னேன்: "இனிமே சனிக்கெழம வரைக்கும் ரூமு வெறிச்சுன்னு கெடக்கும்."

நீ இறங்கிவிட்டாய். பின்னால் ஏற வந்தவர் திட்டினார். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொன்ன? இன்னொரு தடவ சொல்லு" என்றாய். நான் பயந்துவிட்டேன், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று. "ரூமு வெறிச்சுன்னு..." "அம்மா இருக்காங்க, அப்பா இருக்காங்க, மாடியில சித்தி இருக்காங்க. அப்புறம் எப்புடி வெறிச்சுன்னு இருக்கும்?" "இருக்கும். அவ்வளவுதான்." கண்டக்டர் விசில் ஊதினார். நீ பஸ்ஸை விட்டுவிட்டு, அங்கேயே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கையில் அந்தச் சொல்லைப் பேனாவால் எழுதிக்கொண்டாய். அடுத்த பஸ் வரும்வரை எனக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாய். அன்றைக்கு நீ கொஞ்சம் அதிக நேரம் இருந்தாய் என்பதுதான் எனக்குச் சந்தோஷம்.

உங்கள் மேடம் ஒத்துக்கொண்டார்கள். கேள்வியை மாற்றினாய். டிக் அடிக்கும் தாளைப் பாதியாகக் குறைத்துப் பேட்டியைக் கூட்டினாய். 'வீடு நிறைய ஆள் இருக்கும்போதும் வெறிச்சுன்னு இருக்கிற மாதிரி எப்போதாவது தோன்றுமா?' அந்தக் கருவாட்டு அக்காவிடம் மறுபடி போய்க் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. கருவாட்டைப் புரட்டிப்போட்டுக்கொண்டே இருந்தார். நான் ஏதாவது பேசலாம் என்று வாயைத் திறந்தேன். நீ கீழே என் காலை மிதித்தாய். அப்புறம் அவர் பேச ஆரம்பித்தார். நீ என்னைத் தண்ணீர் பாட்டில் வாங்கிவர அனுப்பிவிட்டாய். கடற்கரை மணலில் கடையைத் தேடி அலைந்தபோது உன் மேல் அவ்வளவு கோபம் எனக்கு.

இன்னொரு வீடும் இருக்கிறது. டவுனுக்குள், பெரிய வீடு, மகன் துபாயில். மருமகளிடம் நீ கேட்ட ஒவ்வொன்றுக்கும் மாமியார்தான் பதில் சொன்னார். "அல்ஹம்துலில்லாஹ், ஒரு கொறையும் இல்லேன்னு எழுதிக்கம்மா. மவன் தெனமும் மொகம் பாத்துப் பேசுறான்." மருமகள் டீ தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போங்கள் என்று எப்படிச் சொல்வது? நீ பவ்வியமாகச் சொன்னாய்: "மாமி, ஒங்களுக்கும் ஒரு பேட்டி தனியா இருக்குங்க. என் தங்கச்சி எடுப்பா."

எனக்குச் சமோசா தொண்டையில் அடைத்துக்கொண்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவளா? இவ என்னத்தம்மா கேப்பா? சரி, வா. என் வாப்பா சைகோன்ல, என்னக் கட்டுன மாப்புள்ள சவூதியில, என் மவன் துபாய்ல. நான் பொறந்ததுலேருந்து ஆள் அனுப்பிக்கிட்டேதான் இருக்கேன். எதைப் பத்திக் கேக்கப்போறே?"

உள் கூடத்தில் உட்கார்ந்தோம். நீ சொல்வதையெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்ததால் அப்படியே ஒப்பித்தேன். நீங்க சொல்றது உங்க பேரோட எங்கேயும் வராது. பிடிக்கலேன்னா எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம். சம்மதமா? அவர் தலையாட்டினார். நம் கேள்வியைக் கேட்டேன். நான் என் காலை நானே மிதித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன் அக்கா. திரும்பி வரும் வழியில் உன்னிடமே சொல்ல வாயெடுத்தேன், நீ வாயைப் பொத்திவிட்டாய். "எங்கிட்டயும் சொல்லாத. சம்மதம் ஒனக்குத்தான் குடுத்தாங்க." பயிற்சி இல்லாதவள் எடுத்தது, அதனால் ஆய்வில் சேர்க்க முடியாது என்றும் சொன்னாய். "அப்ப எதுக்கு எடுத்தோம்?" என்று கேட்டேன். "கேட்டாச்சு. அதுக்கப்புறம் வச்சுக்க வேண்டியதுதான்" என்றாய்.

சித்தியை மட்டும் நீ கேட்கவில்லை. சொந்தக்காரர்களைக் கேட்கக் கூடாது என்பது உங்கள் விதி. ஒருநாள் சித்தியே மாடியிலிருந்து இறங்கி வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். "ஊர்ல உள்ளவளையெல்லாம் தேடித் தேடிக் கேக்குற. நான் ஒருத்தி ஒன் தலைக்கு மேலயே இருக்கேன், கண்ணுக்குத் தெரியலயா?" சேர்க்க முடியாது சித்தி என்றாய். "சேக்க வேணாம். கேளு, போதும்." மாடிக்குப் போனீர்கள். நெடுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தாய். என்னோடு பேசாமல் போய் முகம் கழுவினாய். மற்றப் பதிவுகளுக்கெல்லாம் எண்கள்தான் பெயர். சித்தியுடையதற்கு எண் தரவில்லை. 'கணக்கில் இல்லை' என்று பெயர் வைத்தாய்.

அடுத்து மழை வந்தது. ஹாஸ்டலில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். நாங்கள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது நீ கண்ணைத் திறக்கவில்லை. இதற்கு மேல் அதை எழுத என்னால் முடியவில்லை.

கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தபோது சித்திதான் ஓங்கி அழுதாள். "எம் மனசுல இருந்ததெல்லாம் ஒங்கிட்டதானடி சொன்னேன். பதிஞ்சு வச்சுக்கிட்டு இப்புடிப் படுத்துக்கிட்டியே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அழும்போது யார் எதை யோசித்துச் சொல்கிறார்கள்? லீவு போட்டு அப்போதுதான் வந்து இறங்கியிருந்த சித்தப்பா, கையில் மாலையோடு, அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

உன் காரியம் முடியும்வரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. நேற்றுச் சாப்பிடும்போதுதான் அப்பாவிடம் கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. "எம் பொண்டாட்டி எங்கிட்ட சொல்லாதத ஒரு போன்கிட்ட சொல்லிருக்கா, அண்ணே. அது என்னன்னு நான் கேக்கணும்ல?" அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாளன்னைக்குக் கடைத்தெருவுல குடுத்து லாக்க எடுத்துருவோம். புள்ள கொரலயாவது கேப்போம்" என்றார். அம்மா உடனே, "ஆமாங்க, எனக்கு அவ கொரல ஒருதரம் கேக்கணும்" என்றாள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சித்தியின் கரண்டி அப்படியே நின்றது. அவள் என்னைத்தான் பார்த்தாள்.

இன்றைக்குச் சாயங்காலம் கொல்லையில் துணி எடுக்கும்போது பக்கத்தில் வந்தாள். "ஒனக்கு அந்த லாக்கு தெரியுமாடி?" நான் பதில் சொல்லவில்லை. பயத்தில்தான் சொல்லவில்லை. ஆனால் அவள் மேலே பேசினாள். "நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலடி. ஆனா அது அவருக்குன்னு சொன்னது இல்ல. அவருக்குச் சொல்லணும்னா நானே சொல்லிக்குவேன். என்னைக்காவது." அப்புறம் சித்தப்பாவின் சட்டையை உதறி மடித்தாள். அவ்வளவுதான்.

அம்மா போனைச் சாமி மாடத்தில் உன் போட்டோவுக்கு முன்னால் வைத்திருந்தாள். எல்லாரும் படுத்த பிறகு எடுத்து வந்தேன். திறந்தேன். ஒவ்வொரு பதிவாகத் தொட்டேன். ஒன்றையும் கேட்கவில்லை அக்கா, சத்தியமாக. முதலில் நீ பேசுவாயே, அதை மட்டும் கேட்டேன். "வணக்கங்க. நீங்க சொல்றது ஒங்க பேரோட எங்கயும் வராது. புடிக்கலேன்னா எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம். ஆய்வு முடிஞ்சதும் இந்தப் பதிவ அழிச்சிருவேன். சம்மதமா? சொல்லுங்க." அந்தச் 'சொல்லுங்க' வந்ததும் நிறுத்திவிடுவேன். அடுத்ததைத் தொடுவேன். மறுபடி "வணக்கங்க". சிலதில் உனக்கு ஜலதோஷம். ஒன்றில் பின்னால் நான் தும்முகிறேன், நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறாய். எனக்கு உன் குரல் வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தொடுகிறேன். அந்தக் குரல் ஒவ்வொரு தடவையும் "அழிச்சிருவேன்" என்றுதான் சொல்கிறது.

எல்லாப் பேச்சையும் பெயரில்லாமல் டைப் செய்து உங்கள் மேடத்திடம் கொடுத்துவிட்டாய். அழிப்பது ஒன்றுதான் பாக்கி. அதற்குள் போய்விட்டாய்.

உன் பேச்சை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்ன, வெட்டும் இடம்வரை போய்விட்டேன். ஆனால் அந்தத் துண்டு கிடைத்தால் சித்தப்பா மீதி எங்கே என்பார். ஒன்றுமே இல்லாமல் இருந்தால்தான் அவளே அழித்துவிட்டாள் போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. நீதானே அழிப்பதாகச் சொன்னாய்.

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். அழித்த பிறகுதான் பார்த்தேன், அவை போகவில்லை. போனில் ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறது, அதில் போய் உட்கார்ந்திருக்கின்றன. கருவாட்டு அக்கா, டீ தம்ளரைப் பார்த்த மருமகள், சித்தி, எல்லாருக்கும் முன்னால் நீ. 'நிரந்தரமாக நீக்கவா?' என்று கேட்கிறது. இரண்டே பதில்தான் கொடுத்திருக்கிறது. நீயாக இருந்தால் இது மோசமான கேள்வி என்றிருப்பாய், நடுவில் ஒரு கட்டமும் இல்லையே என்று.

அம்மாவை நினைத்துத்தான் விரல் நிற்கிறது. என்னை விட அம்மாவுக்குத்தான் அது வேண்டும். அவளுக்கு நான் என்ன கொடுப்பேன்? போன வாரம் ஒருநாள் அடுப்படியில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். பால் வைக்கவில்லை, ஒன்றும் வைக்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வெறிச்சுன்னு இருக்காம்மா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, நீ பிறந்த அன்று பெய்த மழையிலிருந்து ஆரம்பித்தாள். இருட்டும்வரை சொன்னாள். எழுந்திருக்கும்போது, "அவ மாதிரியே உக்காந்திருக்கடி" என்றாள். உன் குரல் போனால் எனக்கு மிஞ்சுவது அது ஒன்றுதான் அக்கா. கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. அது போதுமா என்று

மாடிப்படியில் செருப்புச் சத்தம். யாரோ இறங்கி வருகிறார்கள்.

தட்டுகிறார்கள். சித்தப்பா. "பாப்பா, முழிச்சிருக்கியா? எனக்கும் தூக்கம் வரல. அந்தப் போனு மாடத்துல காணுமே."

அழுத்திவிட்டேன் அக்கா. போய்விட்டது. நீயும் போய்விட்டாய்.

மறுபடி தட்டுகிறார். திறக்கப்போகிறேன். அவர் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டுவிடுவேன், உட்காருங்க சித்தப்பா, அங்க குவைத்துல ஒங்க ரூமு வெறிச்சுன்னு